கடல் அடுத்த வருஷம் வருமாம்

எனக்கு ஒரு ஊர் இருந்தது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை, ஆனாலும் என்னுடையதுதான். நாலு பக்கமும் மண்சுவர், நடுவில் சந்தை, சந்தைக்குப் பின்னால் தானியக் களஞ்சியம், வடக்கே ஒரு குன்று, தெற்கே ஓர் ஓடை. கடல் மட்டும் இல்லை. அந்த ஊர் எங்கள் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதை அழிக்க நாள் குறித்தார்கள். அதைக் காப்பாற்றுகிறேன் என்று நான் அடித்த கூத்தைத்தான் எழுதப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அஞ்சாவது வரைதான் படிப்பு. படிப்பேன், எழுதுவேன், எல்லாம் மெதுவாக. படிப்பைவிடப் பெரிய தடங்கல் கூச்சம். கல்யாணமான புதிதில் பிள்ளைச்சாவடியில் ஒரு காதுகுத்துக்குத் தனியாக பஸ் ஏறினேன். பிள்ளைச்சாவடி வந்தது. "நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. யாராவது இறங்கினால் கூடவே இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். அன்றைக்கென்று ஒருத்தரும் இறங்கவில்லை. காலாப்பட்டு வரை போய், அங்கே கும்பலாக இறங்கினவர்களோடு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வந்தேன். திரும்பும்போது ஒரு கூடைக்காரம்மா பிள்ளைச்சாவடியில் இறங்கினார், பிழைத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை அழுது முடித்துத் தூங்கியே விட்டது.

இந்தக் கதையை என் நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நாத்தனார் என் வீட்டுக்காரருடைய தங்கை. அவரும் இப்போது இல்லை, அவள் வீட்டுக்காரரும் இல்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஒரு பள்ளிக்கூடத்து கேண்டீனில் வேலை பார்த்தவள். பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழுத்த தொண்டை. அவள் தெருமுனையில் பேசினால் எனக்கு அடுப்படியில் கேட்கும். நான் அடுப்படியில் பேசினால் அடுப்புக்கே கேட்காது.

மாடியை வாடகைக்குக் கேட்டு ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். கடலூர்ப் பக்கம். அக்காவுக்குப் பெரிய கண்ணாடி, தம்பிக்குப் பெரிய தாடி. நாத்தனார்தான் விசாரணை நடத்தினாள்.

"என்னா வேல பாக்கறீங்க?"

"கேம் பண்றோம் ஆண்ட்டி," என்றாள் அக்கா.

"கேம் ஆடறீங்களா?"

"ஆடறது இல்ல ஆண்ட்டி. செய்யறது. கம்ப்யூட்டர்ல ஆடறாங்கல்ல, அத நாங்க செய்யறோம்."

"ஆடறவங்களயே வேலவெட்டி இல்லாதவங்கன்னு சொல்லுவாங்க. அத ஒக்காந்துக்கினு செய்யறவங்கள என்னான்னு சொல்றது?"

தம்பி தாடியைத் தடவிக்கொண்டே, "இதேதான் எங்கம்மாவும் கேட்டுக்கினு இருக்காங்க," என்றான். அந்த ஒரு பதிலுக்காக மாடி அவர்களுக்குக் கிடைத்தது.

நான் மேலே போனது மோட்டாரால். தண்ணீர்த் தொட்டி நிரம்புகிறதா என்று மாடியில் பார்க்கச் சொல்ல வேண்டும். நாத்தனார் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஏறினேன். கதவு திறந்திருந்தது. கூப்பிட வாய் வரவில்லை, நின்றேன். உள்ளே ஒரு பெரிய திரையில் சின்னச் சின்ன மனிதர்கள் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். கூரை வீடுகளில் புகை வந்தது. ஒரு மாடு மட்டும் மண்சுவரை முட்டி நின்று, கால்களை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டே இருந்தது. சுவரும் நகரவில்லை, மாடும் விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா! எவ்ளோ நேரமா நிக்கறீங்க?"

"மாடு," என்றேன். நான் அவர்களிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குள் தொட்டி வழிந்து சுவரெல்லாம் தண்ணீர்.

மறுவாரம் அக்கா இறங்கி வந்து கூப்பிட்டாள். விளையாட்டே தொடாத ஒருத்தர் ஆடிப் பார்க்க வேண்டும், எங்கே முழிக்கிறார்கள் என்று அவர்கள் கவனிக்க வேண்டும். பெரிய பெரிய எழுத்தில் தமிழிலேயே எல்லாம் இருக்கிறது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். வேண்டாம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்ததால் போனேன். கூச்சத்தால் எனக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்.

ராஜா காலத்து நாடு. தொடங்கும்போது வெறும் நிலம், சில குடும்பங்கள், ஒரு ஜோடி மாடு, ஒரு கோடாலி. "என்னா செய்யணும்?" என்றேன்.

"என்ன வேணாலும் செய்யலாம்மா," என்றான் தம்பி. "இதச் செய்தாதான் ஜெயிப்பேன்னு கெடையாது. பீச்சுல பசங்க மணல் வீடு கட்டறாங்கல்ல? யாராச்சும் இப்படித்தான் கட்டணும்னு சொல்றாங்களா? அது மாதிரி. பக்கத்து ராஜா மட்டும் அப்பப்போ வந்து இடிக்கப் பாப்பான்."

மவுஸை நகர்த்தச் சொன்னால் நான் தூக்கிக் காற்றில் காட்டினேன். அம்பு ஓடுகிற திசையில் கழுத்தும் சாய்ந்தது. ஊருக்குப் பேர் வைக்கச் சொன்னது திரை. நாலு பேர் பார்க்கும்போது எப்படிப் பேர் வைப்பது? காலியாக விட்டேன். அதனால் என் ஊருக்கு மேலே "பெயரில்லா ஊர்" என்று அதுவே எழுதிக்கொண்டது.

இருந்தாலும் சில நாளில் கை பழகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு நேரே மாடிதான். அந்தக் குட்டி மனிதர்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எனக்கு வாய் வந்தது. "ஏய், வெறகு எடுத்தா கொண்டாந்து போடு, கையில வெச்சுக்கினு நிக்காத," என்பேன். "பாவம், அந்தம்மாவுக்குத் தண்ணி தூரம், இங்க ஒரு கெணறு வெட்டு," என்பேன். பின்னால் அக்காவும் தம்பியும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். நான் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர்கள் போலத் திரையைப் பார்ப்பார்கள்.

நான் செய்த பெரிய தவறு சொல்தா விஷயத்தில். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வோம். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். மாடி பால்கனியில் பிரம்பு நாற்காலி, கையில் காப்பி, காலடியில் பூனை. நான் சின்னவளாக இருக்கும்போது, பெண்ணைப் பெற்றவர்கள் சொல்தா மாப்பிள்ளை அமையாதா என்று ஏங்குவார்கள். துப்பாக்கி பிடித்த ஒரு சொல்தாவையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பட்டாளத்துக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பார், வருமானம் அவரைத் தேடி வரும்.

விளையாட்டில் போர்வீரர்களைச் சேர்க்கலாம் என்று பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். உழுதுகொண்டிருந்த ஆண்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்தா ஆக்கினேன். மச்சு வீடாகக் கட்டிக் கொடுத்தேன். வாசலில் நிழலுக்கு மரமும் வைத்தேன். அப்புறம் வருமானத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. களஞ்சியம்தான் காலியாகிக்கொண்டே போனது.

தம்பி எட்டிப் பார்த்தான். "அம்மா, ஊர்ல ஆம்பள அத்தினி பேரும் சோல்ஜரா இருக்காங்க. வயல்ல யாருமே இல்ல. சண்டைக்குப் போறீங்களா?"

"சண்டையா? எதுக்குச் சண்ட? பென்ஷன் இன்னும் வரலியேன்னு பாக்கறேன்."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அக்கா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். "டேய், பிரெஞ்சு பென்ஷன்டா! அம்மா எதிர்வீட்டு சாரப் பாத்துட்டு ஊர் கட்டி இருக்காங்க!" தம்பி கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "இந்தத் தப்ப ஒலகத்துல வேற எந்த ஊர்க்காரங்களும் பண்ண முடியாதுக்கா."

விஷயம் புரிந்த பிறகும் நான் அவர்களைக் கலைக்கவில்லை. மச்சு வீடு கொடுத்துக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? பெண்களை வைத்தே விவசாயம் பார்த்தேன். சொல்தாக்கள் மரத்தடியில் நின்றார்கள். அறுப்பு முடிந்ததும் வடக்குக் குன்றிலிருந்து பக்கத்து ராஜாவின் படை வரும். என் சொல்தாக்களின் கும்பலைப் பார்த்துத் திரும்பிப் போய்விடும். அந்த வகையில் அவர்கள் தின்ற சோறு வீண் போகவில்லை.

ஊர் வளர்ந்தது. எந்த வீட்டுப் பெண் எந்த நேரத்தில் கிணற்றுக்கு வருவாள் என்று எனக்குத் தெரியும். ஒரு கிழவர் தினமும் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்புவார். அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு முருங்கை வைத்தேன். கடல் எங்கே என்று கேட்டேன். இன்னும் செய்யவில்லை என்றார்கள். பாண்டியில் பிறந்தவளுக்குக் கிழக்கே கடல் இல்லாததை ஊர் என்று சொல்ல மனசு ஒப்பவில்லை. காலையில் வெயில் எதிலிருந்து எழும்பி வரும்?

ஒரு நாள் சுவரில் பெரிய அட்டை ஒட்டியிருந்தாள் அக்கா. கலர் கலராகக் காகிதத் துண்டுகள். "அம்மா, எர்லி ஆக்சஸுக்கு பிளான் போட்டாச்சு," என்றாள். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு சொன்னாள். "கேம் முழுசா முடியல. முடியறதுக்கு இன்னும் ரொம்ப நாள் ஆவும். அதனால பாதியிலயே விக்கப்போறோம். பாதிதான்னு சொல்லியே விப்போம். வாங்கறவங்க ஆடிப்பாத்து இது சரியில்ல, அது சரியில்லன்னு சொல்லுவாங்க. நாங்க கேட்டுக் கேட்டுக் கட்டிக்கினே இருப்போம்."

இதற்கு இவ்வளவு விளக்கமா என்று தோன்றியது. எங்கள் வீட்டையே நாங்கள் அப்படித்தான் குடிபோனோம். என் வீட்டுக்காரர் அப்போது மில்லில் வேலை. மேல்பூச்சு இல்லை, ஜன்னலுக்குக் கதவு இல்லை, வாசலுக்கு என் புடவைதான் கதவு. நல்ல மாதம் முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று காய்ச்சினோம். வந்த சொந்தக்காரர்கள் சும்மா போனார்களா? ஜன்னல் சின்னது என்றார் ஒருத்தர். அடுப்படியில் காற்று வராது என்றார் இன்னொருத்தர். படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒருத்தர் வழுக்கியும் விழுந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுத்தடுத்த போனஸில் ஒவ்வொன்றாகக் கட்டினோம்.

இதை மூன்று வார்த்தையில் அக்காவிடம் சொன்னேன். "பால் காய்ச்சற மாதிரி."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "இதத்தான்டா நாம ரெண்டு பக்கத்துக்கு எழுதி வெச்சிருக்கோம்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சுண்டலோடு மேலே வந்த நாத்தனார் அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டாள். "ஆடியிலயா? ஆடியில யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா?"

"ஆண்ட்டி, இத ஜெர்மனி, அமெரிக்காவுலல்லாம் வாங்குவாங்க. அவங்களுக்கு ஆடி கெடையாது," என்றான் தம்பி.

"வாங்கறவனுக்கு இல்ல. விக்கற ஒனக்கு இருக்குல்ல? ஆடியில வீராம்பட்டினத்துக்குப் போயி தேர் பாரு, கூழு குடி. ஆவணியில வெச்சுக்கோ."

அக்கா உடனே ஒப்புக்கொண்டாள். ஏற்கெனவே வேலை பின்தங்கியிருந்ததாம், தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்ததாம்.

நான் அட்டையை மெதுவாகப் படித்தேன். முதலில் வயல், சுவர், சந்தை, படை. அது இப்போது இருப்பது. அடுத்து மழை, வெள்ளம். அடுத்த வருஷத்தில் நீலக் காகிதத்தில் "கடல், படகு". எனக்கு வயிற்றில் இனிப்பு இறங்கியது போல இருந்தது. அதற்குப் பிறகு "திருவிழா, தேர்". எல்லாவற்றுக்கும் கடைசியில் "சமாதானம்". ராஜாக்கள் ஒருத்தரோடொருத்தர் பேசிக்கொள்வது அப்போதுதான் வருமாம். அப்புறம் அட்டையின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி. "பழைய ஊர்கள் புதியதில் திறக்காது."

"இது என்னா?" என்றேன்.

தம்பி சாதாரணமாகச் சொன்னான். "உள்ள நெறைய மாத்திட்டோம்மா. இப்ப சோதனைக்கு ஆடிக்கினு இருக்கற ஊருங்கல்லாம் போயிடும். அன்னிக்கு எல்லாரும் மொதல்லருந்து தொடங்கணும்."

எல்லாரும் என்றால் நானும்தான். கிணற்றுப் பெண்கள், முருங்கை, மரத்தடிச் சொல்தாக்கள், ஒன்றும் வாங்காத கிழவர், எல்லாம் போய்விடும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சரி" என்றேன். கீழே இறங்கிவிட்டேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னா அண்ணி, யாரு செத்துட்டாங்க?" என்றாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். "பொம்ம ஊருக்கு ஒப்பாரியா?" அப்புறம் என் தட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள். "அதுங்ககிட்ட கேளேன். ஒன் ஊர வெச்சுக்கச் சொல்லேன்."

"கேக்கறதா?"

"அதானே. பஸ்ஸயே நிறுத்தத் தெரியாதவ நீ."

கேட்கத் தெரியாதவள் வேறு வழி யோசித்தேன். வீட்டைக் காலி செய்யும்போது என்ன செய்வோம்? பானையில் அரிசியை வைத்துவிட்டா போவோம்? அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத்தானே போவோம். என் ஊரும் அப்படித்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் மாடிக்குப் போய்க் களஞ்சியத்தைத் திறந்துவிட்டேன். சந்தையில் எல்லாக் கடையிலும் சாப்பாடு, யாருக்கு வேண்டுமானாலும். கோட்டைக் கதவையும் திறந்துவைத்தேன். சுவருக்கு வெளியே நீளமாகப் பந்தல் போட்டு அடுப்பு மூட்டினேன்.

அறுப்பு முடிந்திருந்தது. வழக்கம்போலக் குன்றிலிருந்து பக்கத்து ராஜாவின் படை இறங்கியது. கொடி, வேல், தப்பட்டை. என் சொல்தாக்களும் மரத்தடியை விட்டுச் சந்தையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மிரட்ட ஆளில்லை. வரட்டும், போகப்போகிற ஊர்தானே என்று உட்கார்ந்திருந்தேன். முதல் வரிசை பந்தல்வரை வந்தது. நின்றது. வேல்களைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது. இரண்டாவது வரிசையும் அப்படியே. மூன்றாவது வரிசைக்கு இடமில்லை, கதவு வழியாக உள்ளே போய்ச் சந்தையில் சாப்பிட்டது. சாப்பிட்டவர்கள் திரும்பிப் போகவில்லை. காலியாகக் கிடந்த வீடுகளில் நுழைந்து படுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் எழுந்து வந்து மண்வெட்டியை எடுத்து என் வயலில் இறங்கினான்!

குன்றின்மேல் பக்கத்து ராஜா மட்டும் தனியாக, கையில் கொடியோடு நின்றார்.

நான் சிரித்த சிரிப்பில் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். ஊரில் கூட்டம் தாங்காமல் திரை ஆமை மாதிரி நகர்ந்தது. தம்பி குனிந்து பார்த்தான். தலையில் கைவைத்தான். "பசிச்சவன் பக்கத்துல இருக்கற சோத்துக்குப் போவான்னு ஊர் ஜனங்களுக்கு எழுதினேன். படைக்கும் அதே ஒட்டிக்கிச்சு போல. அம்மா, நீங்க மொத்தப் படைக்கும் பந்தி போட்டுட்டீங்க!" அப்படியே தரையில் மல்லாந்து படுத்துச் சிரித்தான். "அந்த ராஜாவப் பாருக்கா! அந்த ராஜா மூஞ்சியப் பாரு!"

"இதச் சரி பண்ணணுமா?" என்றான், சிரித்து ஓய்ந்த பிறகு.

"தொட்ட, கைய ஒடச்சுடுவேன்," என்றாள் அக்கா. அட்டையின் கடைசியில் இருந்த "சமாதானம்" காகிதத்தைப் பிய்த்து, முதல் கட்டத்தில் ஒட்டினாள்.

அவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ வேறு கவலை. காலி செய்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், ஊரில் ஜனம் இரட்டிப்பாகிவிட்டது. வந்தவர்களை நம்பவைத்துச் சோறு போட்டுக் குடிவைத்தது நான். இப்போது எல்லாரும் சேர்ந்து அழிய வேண்டுமா?

கேட்டுவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர, ஆடி முழுக்க வாய் வரவில்லை. படியேறும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மேலே போனதும் காற்றுதான்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு காலை, மாடிப்படியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் படிக்கட்டு தெருப்பக்கம் வெளியே இருக்கிறது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"புதுசு ரெடிடா. எல்லாத்துலயும் ஏத்திடலாம்."

"அம்மா ஆடற கம்ப்யூட்டர்லயுமா?"

"அதுலயும்தான். பழச எடுத்துடு."

"இதோ, எடுக்கறேன்."

எனக்குப் பிள்ளைச்சாவடி கண்ணுக்கு முன்னால் ஓடியது. வண்டி நிற்காமல் போகிறது, நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "நிறுத்துங்க! என் ஊர அழிக்காதீங்க!"

அப்படியொரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். எதிர்வீட்டு பால்கனியில் சொல்தா பெரியவர் பிரம்பு நாற்காலியிலிருந்து விறைப்பாக எழுந்தார். பூனை ஓடியது. கீழேயிருந்து நாத்தனார் கரண்டியோடு பாய்ந்து வந்தாள். "யாருடா அது? யாரு ஊர அழிக்கறது? முனிசிபாலிட்டியா? ஜேசிபி வந்திருக்கா?" தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் படியில் என்னைப் பார்த்தாள். கரண்டி இறங்கியது.

"அண்ணி! அது ஒன் தொண்டையா?"

சொல்தா பெரியவர் அங்கிருந்தே, "எந்த ஊரம்மா?" என்று கேட்டார். உதவிக்கு இறங்கி வரத் தயாராக இருந்தார்.

"பொம்ம ஊரு சார், நீங்க ஒக்காருங்க!" என்றாள் நாத்தனார்.

தம்பி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான், பிடிபட்ட திருடன் மாதிரி. "தொடலம்மா! சத்தியமா இன்னும் தொடல!"

எனக்கு முகம் சுட்டது. ஆனால் வாய் திறந்ததை மூட முடியவில்லை. கிழவரைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன், பந்தியில் சாப்பிட்டு நம்பி வந்தவர்களைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கான பேச்சு அது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோதானாம்மா? இந்தக் கம்ப்யூட்டர்ல புதுச ஏத்தாம, நெட்டப் புடுங்கி வெச்சுட்டாப் போதும். பழசு அப்படியே இருக்கும். கீழ ஒங்க வீட்டுலயே வெச்சுக்கோங்க. நாங்க வேற வாங்கிக்கறோம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க சரின்னுதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான்.

"ஆனா ஒண்ணும்மா," என்றான் தம்பி. "அந்த ஊர் அப்படியேதான் இருக்கும். மழ வராது. தேர் வராது. கடலும் வராது."

கம்ப்யூட்டர் எங்கள் கூடத்துக்கு வந்தது, டிவிக்குப் பக்கத்தில். அன்று சாயங்காலம் என் ஊரைப் போய்ப் பார்த்தேன். கிழவர் சந்தைக்குப் போனார். எல்லாரும் நன்றாக இருந்தார்கள். கிழக்குச் சுவரில் போய் நின்றேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, பச்சையாக ஒரு கோடு, அவ்வளவுதான். அங்கே இனி எதுவும் வரவே வராது என்று நினைத்தபோது மனசு இரண்டு பக்கமும் இழுத்தது.

விற்பனை தொடங்கிய அன்று மாடியில் பால் காய்ச்சினோம். மின்சார அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அடுப்பு கீச்சென்று அணைந்து, மேசையெல்லாம் பால். "பொங்கிடுச்சு, நல்லதுதான்," என்று நாத்தனார் தீர்ப்பு சொன்னாள். அப்புறம் உலகத்திலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வாங்கினவர்கள் எழுதி அனுப்பினதை அக்கா ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒருத்தருக்கு எழுத்து சின்னதாக இருந்ததாம். ஒருத்தருடைய மாடு சுவரிலேயே நடந்துகொண்டிருந்ததாம். அதைக் கேட்டதும் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி எனக்கு ஆனந்தம். இன்னொருத்தர், எதிரிப்படைக்குச் சோறு போட்டேன், குடிவந்துவிட்டார்கள், இது பிழையா என்று கேட்டிருந்தார். "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாள் அக்கா. எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஒருத்தர், கடல் எப்போது என்று கேட்டிருந்தார். எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

"நீங்க தொடங்கறீங்களாம்மா?" என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வெறும் நிலம். சில குடும்பங்கள், ஒரு ஜோடி மாடு, ஒரு கோடாலி. கீழே அப்படியொரு ஊரை வைத்துக்கொண்டு இங்கே மண் வெட்ட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஊருக்குப் பேர் கேட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி வைத்துவிட்டேன். பேரை இங்கே எழுத மாட்டேன். அவ்வளவு கூச்சம் இன்னும் மிச்சமிருக்கிறது.

கீழே இருக்கும் ஊர் இப்போது நாத்தனார் கையில். சீரியலுக்கு நடுவில் சும்மா பார்க்கிறேன் என்றுதான் தொட்டாள். இப்போது சீரியலே பார்ப்பதில்லை. முதல் வேலையாக என் சொல்தாக்களை மரத்தடியிலிருந்து எழுப்பிக் களை பிடுங்க அனுப்பினாள். வந்து குடியேறினவர்களுக்கு வரி போட்டாள். "டேய், தின்னுட்டுத் தூங்கறியா? ஏந்திருடா!" என்று அவள் போடும் சத்தம் மாடிவரை கேட்கும். எனக்கு அந்த ஜனங்களை நினைத்தால் பாவமாக இருக்கும். ஆனால் போய்ப் பார்த்தால் களஞ்சியம் நிரம்பியிருக்கிறது. கிழவர் சந்தையிலிருந்து கையில் எதையோ வாங்கிக்கொண்டு வருகிறார்.

மேலே என் புது ஊரில் இன்னும் சுவர்கூட முடியவில்லை. கிழக்குப் பக்கம் மட்டும் சுவரே வைக்கவில்லை. அங்கே வீடுகளை வரிசையாகக் கட்டி, வாசலையெல்லாம் கிழக்கே திருப்பி, முன்னால் நீளமாக வெறும் இடம் விட்டிருக்கிறேன். சாயங்காலமானால் என் ஜனங்கள் வந்து அந்த வெறும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். தம்பி பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணுமே இல்லியேம்மா," என்றான். "நீ கொண்டாந்து ஊத்தற வரைக்கும் ஒக்காந்திருப்பாங்க," என்றேன்.

நேற்று படிக்குக் கீழே நின்று நாத்தனார் கத்தினாள். "அண்ணி! ஒனக்கு மட்டும் கடல் வருமாமே? என் ஊருக்கு ஏன் வராது?"

"பழசுக்கு வராது!" என்று நானும் மேலேயிருந்து கத்தினேன். "ஜனங்கள வுட்டுட்டு இங்க வந்துடு, கடல் பக்கமா ஒனக்கு ஒரு வீடு கட்டித் தரேன்!"

"வுட்டுட்டு வர்றதா? என் ஊரயா? போ அண்ணி!"

என் ஊராம்! எதிர்வீட்டு பால்கனியில் சொல்தா பெரியவர் காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், முந்தானையைத் தேடாமல்.